அசையாமல் நிற்கச் சொன்னார்கள்

அந்தக் குழாய்க்குள் என்னைத் தள்ளுவதற்கு முன் தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டுகளை வைத்து இறுக்கினார்கள். காதுகளை மூடினார்கள். பிறகு மூடிய காதுக்குள் ஒரு பெண்குரல், மிகுந்த மரியாதையோடு, இனி அசையாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அந்தச் சொல்லுக்கே காத்திருந்ததுபோல என் இடது காற்பெருவிரல் ஒருமுறை துடித்தது. உடனே நீ வந்துவிட்டாய்.

இயந்திரம் முதலில் தகரக் கூரையில் தேங்காய் விழுவதுபோல் இடித்தது. பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கள் நீர்வேலித் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மெசின்போல் ஒரே சீராக உறுமியது. அரைமணிக்கு மேல் அப்படிக் கிடந்தேன். உடம்பு கிடந்தது. மனம் குருநகர்ச் சந்திக்கும் திருநெல்வேலிக்கும் நாவற்குழிப் பாலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வீடு வந்த பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. கதிரையில் இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியவில்லை. இந்த மடலையும் குசினி மேசையில் கொஞ்சம், யன்னலோரம் நின்றபடி கொஞ்சம் என்றுதான் எழுதுகிறேன். கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள். நீ எப்போதும் என் கோர்வையைத்தான் திருத்துவாய்.

என்னை அங்கே கூட்டிப்போனவள் உன் மருமகள் மெரின். உன் தம்பியின் மகள். நீ காணாத பிள்ளை. நாங்கள் இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊரில் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் குடும்பத்து வருத்தத்தில், அந்தப் பரம்பரை நோயில், மூளைக்குள் புரதங்கள் எப்படி மாறிப்போகின்றன என்பதை, மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், காந்தப் பரிவுப் படத்திலேயே பிடிக்கப் பார்க்கிறார்கள். வருத்தம் வந்தவர்கள், வரக்கூடியவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள் என்று மூன்று வகை ஆட்கள் வேண்டுமாம். உன் தம்பி முதல் வகை. ஐம்பது தாண்டித்தான் அவனுக்கு வந்தது. மெரின் இரண்டாவது. நான் மூன்றாவது. அந்த வருத்தத்தோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று என்னிடம் சொன்ன முதல் இடம் அதுதான்.

சம்பந்தமில்லாதவள்தான் நான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு வேலையை விட்டு, காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்திறங்கி, பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகச் செய்முறை வகுப்புகள் நடத்தப் போய்ச் சேர்ந்தவள். நீ இரசாயனம். குருநகர்ப் பக்கம் கோட்டை இராணுவ முகாமிலிருந்து ஷெல் விழத் தொடங்கியதால் நீ திருநெல்வேலியில் அறை தேடினாய். நீர்வேலியிலிருந்து தனியச் சைக்கிளில் வர எங்கள் வீட்டில் விடவில்லை, நானும் தேடினேன். பலாலி வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கிடைத்தது. முதற் கொஞ்சக் காலம் "நீர் சாப்பிட்டீரோ", "நீர் விளக்கை அணையும்" என்று மரியாதையாகத்தான் கதைத்தோம். ஒரு சனிக்கிழமை என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். அன்றோடு அந்த "நீர்" போய்விட்டது.

உன் அப்பா வாசலில் நின்றார். நல்ல உயரம், கடல் வெயிலில் கறுத்த தோள்கள். சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். கடலுக்குப் போகத் தடை வந்ததால் வீட்டோடு இருந்தார். என்னை "வாங்கோ பிள்ளை" என்றபோது அவருடைய வலது கை தானாக எழும்பி, யாரையோ கூப்பிடுவதுபோல் விரித்து, மறுபடி விழுந்தது. தோள் ஒருமுறை குலுங்கியது. கால் நின்ற இடத்தில் நிற்காமல் ஒரு பாதி அடி எடுத்து வைத்துத் திரும்ப வந்தது. பார்க்க ஒரு கூத்தாடி அடவு பழகுவதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒருவர் பார்த்துச் சிரித்தார். நீ அந்த வேலியை நோக்கி, "குடியில்லை! வாயை மணந்து பாக்கிறியளோ?" என்று கத்தினாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளாகத்தில் குரல் உயர்த்தாத நீ.

உன் அம்மா செய்வினை என்றா. மாதா கோயிலில் ஓதிய எண்ணெய் வாங்கி அவருடைய முழங்கைகளில் பூசிவிட்டா. நீ தடுக்கவில்லை. "எண்ணெய் பூசினால் கெடுதல் இல்லை. ஆனா எண்ணெயோடை நிக்கேலாது" என்று என்னிடம் சொன்னாய்.

எண்பத்தாறில், ரயில் ஓடிய நாட்களில் ஒன்றில், அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் நானும் வந்தேன். ஸ்கான் எடுக்கும் அறையில் இருந்த மனுசன் நல்லவர். "ஹெல்லெண்ட எபா, மாத்தயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உன் அப்பாவின் காதடியில் குனிந்து மொழிபெயர்த்தேன்.

"ஐயா, ஆடாமல் இருக்கட்டாம்."

"நானெங்கை பிள்ளை ஆடுறன்? வள்ளமெல்லோ ஆடுது" என்றார் உன் அப்பா.

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அவருக்குத் தன் ஆட்டம் தெரியவில்லை. பிறகுதான் அறிந்தோம், அந்த வருத்தத்தின் ஒரு குணமே அதுதான் என்று. கடைசியில் பட்டி போட்டுக் கட்டினார்கள். அப்படியும் படம் கலங்கித்தான் வந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தமிழ் டொக்டர், "இதிலை பெரிசா ஒண்டும் பிடிபடேல்லை" என்றார். பிறகு படத்தை வைத்துவிட்டு உன் அப்பாவையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவரின்ரை தாய் தேப்பன் ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?" என்று கேட்டார்.

உன் அப்பாவின் தகப்பன் குடிவெறியில் வள்ளத்திலிருந்து விழுந்து செத்தவர் என்றுதான் உங்கள் வீட்டில் கதை. அவர் வெறியில் விழுந்தாரா என்று அந்தக் கதிரையில் இருந்துதான் நீ முதல்முறை யோசித்தாய். உன் முகத்தில் அது ஓடுவதை நான் பார்த்தேன்.

டொக்டர் அந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னார். மருந்தில்லை என்றார். "பிள்ளையளுக்கு வரலாம், வராமலும் விடலாம். பாதிக்குப் பாதி" என்றார்.

"வருமோ வராதோ எண்டு முதலே பாக்க வழியிருக்கோ டொக்டர்?"

"இப்போதைக்கு இல்லை."

திரும்பி வரும் ரயிலில் அனுராதபுரம் தாண்டும்வரை யன்னல் கம்பியைப் பிடித்திருந்த உன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாய். உன் அப்பா உன் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நித்திரையில் அவருடைய ஆட்டம் நின்றுவிடும். "பார், நித்திரையிலை எவ்வளவு வடிவா இருக்கிறார்" என்றாய். பிறகு, ஏதோ என்னோடு வெகுநேரமாய் வாதாடிக்கொண்டு வந்தவள்போல், "அவை படம் எடுத்தது வடிவத்தை. பழுதாப்போனது வடிவமில்லையடி" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. அறைக்கு வந்த பிறகு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, எங்களிடம் இருந்த ஒரேயொரு முட்டையை அவித்தாய். எனக்கோ பசி. நீ அதை இரண்டாக வெட்டி, வெள்ளைப் பகுதியைத் தட்டிலே வைத்து, பாடம் எடுத்தாய்.

"இதுக்குள்ளை என்ன கூடினது?"

"ஒண்டுமில்லை."

"என்ன குறைஞ்சது?"

"ஒண்டுமில்லை."

"தராசிலை வைச்சால் அதே நிறை. ஆனா அவிக்க முதல் கண்ணாடிமாதிரி இருந்தது இப்ப சுண்ணாம்புமாதிரிக் கிடக்கு. புரதம் ஒரு நூல். அது எப்பிடி மடிஞ்சிருக்கோ அதுதான் அதின்ரை வேலை. மடிப்புக் குழம்பினால் எல்லாம் குழம்பும். தலைமுறையாய் வாற வருத்தமெண்டால் எங்கையோ ஒரு நூல் பிழையா மடியுது. மூளை சுருங்கிறது பேந்து. படத்திலை தெரியிறது அதுக்கும் பேந்து. நான் கேக்கிறது, முதல் மடிப்பு எப்ப குழம்புது?"

அதன் பிறகு உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளாக நூலகத்தில் பிந்திப் பிந்தி வரும் சஞ்சிகைகளில், வெளிநாடுகளில் ஆட்களைக் காந்தத்துக்குள் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வாசித்தாய். என்னைப் பிடித்து உலுக்கினாய். "நீ பௌதிகக்காரி. சொல்லு, எப்பிடி எடுக்கினம்?" நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரிலுள்ள ஐதரசன் கருக்கள் குட்டிக் காந்தங்கள். பெரிய காந்தத்துக்குள் அவற்றை நிரைப்படுத்தி, வானொலி அலையால் தட்டினால் அவை திருப்பிச் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் படம்.

"அப்ப தண்ணிதான் கதைக்குது. புரதம் கதைக்காதோ?"

"கதைக்கும். ஆனா மெல்லிசா. தண்ணியின்ரை சத்தத்துக்குள்ளை கேளாது."

நீ எழும்பி அறைக்குள் நடந்தாய். அந்த அறையில் நடப்பதென்றால் கட்டிலைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். "புரதத்திலை இருக்கிற ஐதரசன் பக்கத்துத் தண்ணியோடை இடம் மாறிக்கொண்டுதானேயிருக்கும்? அப்ப தண்ணிக்கு எல்லாம் தெரியும். ஊர்ப்பொம்பிளையள்மாதிரி. அதிட்டை வளைச்சுக் கேட்டால் பக்கத்து வீட்டுக் கதை வராதோ?"

உனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நான் இப்போது பெருமைக்குச் சொல்லமாட்டேன். சோதனைக் குழாய்க்குள் அந்த இடமாற்றம் நடப்பதை உன் துறையினர் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் உயிருள்ள மூளைக்குள் அதைக் கேட்க வேண்டுமென்று அன்றைக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்தவள் நீ. படம் எடுத்து முடிந்ததும் இங்குள்ள ஆராய்ச்சியாளரிடம் கேட்டேன். அவர் விளக்கினார். புரதத்தின் ஐதரசனை மட்டும் தேடித் தட்டி அதை ஊமையாக்கிவிடுகிறார்களாம். அந்த ஊமை ஐதரசன் இடம் மாறித் தண்ணீருக்குள் போகப் போக, தண்ணீரின் சத்தம் கொஞ்சம் தாழ்கிறதாம். எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்தால், பக்கத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கிறதாம். இன்னும் முழு நம்பிக்கையாகச் சொல்லும் நிலைக்கு வரவில்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நிறப்படமாக என் மூளையைக் காட்டினார், பச்சையும் மஞ்சளுமாக. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒன்றுமில்லாத என் தலையை இவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறார்கள். உன்னுடையதை ஒருவரும் எடுக்கவில்லை.

எண்பத்தெட்டில் நடந்ததை மெரினுக்கு நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இந்தியப் படை நின்ற காலம். சந்திக்குச் சந்தி சென்றி, காவலரண். உன் அப்பாவுக்கு விழுங்குவது கரைச்சலாகி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு மூவரும் நடந்து போனோம். ஒரு சென்றியில் சனத்தை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். முந்தின நாள் அந்தப் பக்கம் ஏதோ வெடித்திருந்தது, படையினர் எல்லோரும் விறைத்துப்போய் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. துவக்கோடு நின்றவன் சின்னப் பெடியன். மதுரைப் பக்கத்துத் தமிழ்.

"கைய மேல தூக்கு. அசையாம நில்லு."

உன் அப்பா கையைத் தூக்கினார். தூக்கிய கை காற்றில் வளைந்தது. தோள் குலுங்கியது. கால் ஒரு அடி முன்னே வந்தது.

"ஏய்! அசையாதேன்னு சொல்றேன்ல!"

எல்லாம் எங்கள் மொழிதான். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. அவருடைய உடம்புக்குத்தான் விளங்கவில்லை. துவக்கு நிமிர்ந்தது. பின்னால் நின்ற சனம் நிலத்தில் குந்தும் சத்தம் கேட்டது. நான் உறைந்துபோனேன். நீ போனாய். துவக்கைப் பார்க்கவே இல்லை. உன் அப்பாவை முன்னாலிருந்து கட்டிப்பிடித்து, அவருடைய இரண்டு கைகளையும் உன் கைகளுக்குள் அடக்கி, நெஞ்சோடு நெஞ்சாக இறுக்கினாய். உன் முதுகு துவக்குக்கு. அவருடைய ஆட்டம் உன் உடம்புக்குள்ளால் வந்து நீயும் ஆடினாய்.

"வருத்தம்! தம்பி, இது வருத்தம். குடியில்லை. குண்டில்லை. இவருக்கு ஆடாமல் நிக்கத் தெரியாது" என்று அவருடைய தோளுக்கு மேலால், யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

அந்தப் பெடியன் எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது. பிறகு துவக்கைத் தாழ்த்தி, "கூட்டிட்டுப் போங்க... சீக்கிரம் போங்க" என்றான்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தபோது உன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாய். "அவருக்குள்ளை இருக்கிறது வெளியிலை எப்பிடித் தெரியும் எண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. கட்டிப்பிடிச்சால் தெரியுது" என்றாய். நான் அழுதேன். நீ அழவில்லை. "அழாதை, டோக்கன் கூப்பிடுறான்" என்றாய்.

அடுத்த வருடம் உன் அப்பா போனார். அடக்கப் பூசை முடிந்து கோயிலால் வெளியே வந்தபோது, கணிதப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் உன்னோடு கதைக்க நின்றார். உன்னில் அவருக்கு விருப்பம் என்று வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். நீ அவரை அன்றைக்கு ஒன்றும் சொல்லவிடவில்லை. ஒரு கிழமை கழித்து, நானும் இருக்கத்தக்கதாக, வளாகத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்து நேரே சொன்னாய்.

"என்ரை அப்பாவைக் கண்டனீர்தானே? எனக்கும் அது வரலாம். பாதிக்குப் பாதி. பிள்ளை பிறந்தால் அதுக்கும். உம்மட்டை மறைச்சுக் கலியாணம் செய்யேலாது."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு யோசிக்க வேணும்" என்றார். பிறகு வரவில்லை. அவரை நான் திட்டியபோது உனக்குக் கோபம் வந்தது. "யோசிக்க வேணும் எண்டு சொன்னவன் நேர்மையான ஆள். யோசிக்காமல் ஓம் எண்டவனை நான் நம்பியிருக்கமாட்டன்" என்றாய். ஆனால் அதற்குப் பிறகு கனநாள் நீ அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. எனக்கு அது தெரியும்.

தொண்ணூறில் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பினாய். உனக்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது. காந்தப் பரிவை வைத்துப் புரதம் படிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில், இரண்டு முறை தள்ளிப்போட்ட இடம். முதலில் அப்பாவால் போகவில்லை. பிறகு அம்மாவைத் தனிய விட ஏலாமல் போகவில்லை. பிறகு பாதையே இல்லை. தம்பி வெளிக்கிடும்போது அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உனக்கும் பாதிக்குப் பாதி. மறைக்காதை. கலியாணம் எண்டால் முதல் சொல்லு" என்று சொன்னாய். அவன் சொல்லித்தான் கட்டினான். மெரினின் தாய் யோசித்துத்தான் ஓமென்றாவாம்.

பிறகு பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பாவித்தோம். நீ காலையில் முகம் கழுவியதும் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாய். நாக்கை நீட்டி வைத்திருக்கப் பார்ப்பாய். விரல்களை ஒவ்வொன்றாய்ப் பெருவிரலில் தொட்டுப் பார்ப்பாய். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பாய். தேத்தண்ணிக் கோப்பை கை தவறினால் எங்கள் இரண்டு பேருடைய மூச்சும் நிற்கும். மற்றவர்களுக்குக் கோப்பை கை தவறினால் கோப்பை உடையும், அவ்வளவுதான். நமக்கு அது ஒரு நாளையே உடைக்கும். நான் உன் கைகளைப் பார்க்காதவள்போல் நடித்தேன். நீ நான் நடிப்பதைக் கண்டும் காணாதவள்போல் இருந்தாய்.

சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட பின்னேரம் ஞாபகம் இருக்கிறதா? நான் சுற்றினேன். நீ காதை வானொலியோடு ஒட்டிவைத்திருந்தாய். ஆங்கிலச் செய்தி. திடீரென்று உன் கை என் பக்கம் நீண்டது.

"சுத்து! சுத்து! நிப்பாட்டாதை!"

நான் பேய்போலச் சுற்றினேன். தோள்மூட்டு கழலும்போல் இருந்தது. வானொலி கரகரத்தது, உயர்ந்தது, அமிழ்ந்தது. செய்தி முடிந்து பாட்டுப் போட்டார்கள். நீ அப்படியே நிலத்தில் இருந்தாய்.

"கண்டுபிடிச்சிட்டினமாம். எங்கடை வருத்தத்தின்ரை மரபணு. ரத்தத்திலை பாக்கலாம்."

"எங்கை?"

"எல்லா இடமும்" என்றாய். பிறகு சிரித்தாய். "இஞ்சை மட்டும் இல்லை."

அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாய். எங்கோ ஒரு நாட்டில் ஒரு துளி இரத்தத்தில் உன் பதில் எழுதிக் கிடக்கிறது, இடையில் ஒரு கடல்நீரேரியும் இரண்டு படைகளும் நிற்கின்றன என்று சொன்னாய்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. படை நெருங்கிவர, வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே மாலையில் எழும்பி நடந்த நாள். எங்கள் வீட்டார் நீர்வேலியிலிருந்து ட்ரக்டரில் போய்விட்டார்கள். குருநகர் வீட்டைக் குண்டு தின்ற பிறகு உன் அம்மாவும் எங்கள் பக்கம்தான் இருந்தா. நான், நீ, அம்மா, இரண்டு சைக்கிள், மூட்டைகள். மழை. நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனம் இறுகிவிட்டது. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. அவ்வளவு பெரிய சனக்கூட்டம் அவ்வளவு மௌனமாய் நின்றதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. எல்லோரும் நின்றோம்.

உன் இடது கால் நிற்கவில்லை.

சேற்றுக்குள் அது பாதி அடி எடுத்து வைத்து, திரும்ப வந்தது. மறுபடி வைத்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை நீ பார்த்தாய்.

"குளிருதோ?" என்றேன்.

"இல்லை" என்றாய். "கொஞ்ச நாளாய் விரல். இண்டைக்குத்தான் கால்."

மழை உன் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் உன் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். நீ தலையை ஆட்டினாய். "அம்மாவுக்குச் சொல்லாதை. முதல் பாலத்தைக் கடப்பம்" என்றாய்.

பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது.

கொடிகாமத்துக்கு அங்காலே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பம். நீ உடைந்துபோவாய் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலை உன்னைக் காணவில்லை. தேடிப்போனால், புளியமரத்துக்குக் கீழ், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இடம்பெயர்ந்த பிள்ளைகளைச் சேர்த்து, கழற்றிப் போட்டிருந்த ஒரு கதவில் கரியால் எழுதிச் சேதன இரசாயனம் நடத்திக்கொண்டிருந்தாய். பிறகு யாரோ சோக் கொண்டுவந்தார்கள். உன் கை சுண்டும்போது சோக் பறந்துபோய்ப் பிள்ளைகளின் நடுவே விழும். ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. நீதான் சிரிக்க வைத்தாய்.

"ஏன் பறந்தது எண்டு நான் சொல்லுறன். அது என்ரை வருத்தம், தொத்தாது. எவ்வளவு வேகத்திலை பறந்தது எண்டு பௌதிக மிஸ்ஸிட்டைக் கேளுங்கோ."

நானும் அடுத்த பாடத்துக்கு வந்து நின்றேன். அந்தக் கிழமைகளில்தான் உன்னை நான் அவ்வளவு வேகமாகக் கண்டேன். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாய். விரல்களைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாய். "இத்தினை வருசம் பாதிக்குப் பாதி எண்டதுக்கு நடுவிலை நிண்டு களைச்சுப்போனன். இனி நேரம்தான் இல்லை, பயம் இல்லை" என்றாய். பயம் இல்லை என்று நீ சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. நேரமில்லை என்றதை நம்பினேன்.

படம் எடுத்து வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் வைத்து மெரின் இதைத்தான் கேட்டாள். இரத்தப் பரிசோதனையை அவள் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லையாம். இந்த ஆராய்ச்சியில் அவளுடைய படத்தை வைத்திருப்பார்கள், அவளுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். அப்படித்தான் அவள் சம்மதித்திருக்கிறாள்.

"மாமிக்குத் தெரிஞ்சுகொள்ள வேணுமெண்டு ஆசை என்ன, அன்ரி? தெரிஞ்ச பிறகு சந்தோசமா இருந்தவவோ?"

"சந்தோசமெண்டு சொல்லேலாது" என்றேன். "சுறுசுறுப்பா இருந்தவ."

அவள் கார்த் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தாள். "நான் இப்பவே சுறுசுறுப்பாத்தானே இருக்கிறன்" என்றாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டுக் கேட்டு அலைந்த கேள்வியை அவள் கேட்காமலே கடக்கிறாள். நான் இருவருக்கும் நடுவில் நின்று தவிக்கிறேன், சம்பந்தமில்லாதவள்.

நீ அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தாய். அந்தப் பிள்ளைகளில் சிலர் உன்னைக் கடைசிவரை பார்த்தார்கள் என்றும், முறை வைத்து உனக்குச் சோறு ஊட்டினார்கள் என்றும் உன் தம்பி தொலைபேசியில் சொன்னான். நீ போன சேதியையும் அவன்தான் சொன்னான். நான் அங்கே இல்லை. இடம்பெயர்ந்த அதே வருட மார்கழியில், என் அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடி வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. போனால் திரும்பி வருவேன் என்றுதான் நினைத்தேன். பாதை பிறகு எனக்குத் திறக்கவேயில்லை.

கடல்நீரேரி கடக்கும் கிளாலித் துறைக்குப் போகிற ட்ரக்டர் சந்தியில் நின்றது. நீ வழியனுப்ப வந்தாய். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தாய். என் அப்பாவை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி, தலைக்குக் கீழ் மூட்டை வைத்துவிட்டு, என்னிடம் வந்தாய்.

"நான் திரும்பிப் பாக்கமாட்டன். பாத்தால் அழுவன், பேந்து பாடம் நடத்தேலாது" என்றாய். பிறகு உனக்கே ஒரு பகிடி தோன்றி, வாய் கோணிச் சிரித்தாய். "கழுத்துத் தானாத் திரும்பினால் அது நானில்லை, வருத்தம். ஏமாந்துபோகாதை."

மதகடியால் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்தாய். நடை ஏற்கெனவே கொஞ்சம் அலையடிக்கத் தொடங்கியிருந்தது. ட்ரக்டர் உதறிக்கொண்டு வெளிக்கிட்டது. ஒழுங்கையின் வளைவில், ஒரு கிடுகு வேலிக்குப் பக்கத்தில், உன் தோள் குலுங்கியது. தலை திரும்பியது. முழுதாய் என் பக்கம் திரும்பி, நின்றது. கையும் எழும்பி விரிந்தது.

அது நீயோ, வருத்தமோ? அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்த ஒரு திரும்பலைத்தான் ஊர் ஊராய் என்னோடு காவிக்கொண்டு திரிகிறேன். சில நாள் அது நீ. சில நாள் இல்லை. அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. ட்ரக்டர் பெட்டியில் எழும்பி நின்று, விழாமல் பிடித்திருந்த கம்பியையும் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, நீ வளைவில் மறையும்வரை ஆட்டினேன்.